செங்கமலம் கால் வைத்த வீடு

செங்கமலம் அக்காவை ஒரு வீட்டு வாசலில் பார்த்தால், உள்ளே யாரோ இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறார்கள் என்று அர்த்தம். கறம்பக்குடியைச் சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்களில் இதற்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில், "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்று கைகழுவி அனுப்பியபிறகுதான் அக்காவைக் கூப்பிடுவார்கள். அவர் போய்ப் புரட்டிப் படுக்கவைப்பார், துடைப்பார், கஞ்சி புகட்டுவார், டியூப் மாற்றுவார். கடைசியில் கண்ணையும் மூடிவிடுவார். பதினேழு வருடத்தில் பத்தொன்பது வீடு, பத்தொன்பது கருமாதி.

"என் கையில போனவுக யாருக்கும் முதுகுல ஒரு புண்ணு கெடையாது" என்று அக்கா பெருமையாகச் சொல்வார். ஊர் அந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. அக்கா பையோடு பஸ்ஸுக்கு நின்றால், பந்தல் போடுகிற அஜித் பைக்கை ஓரங்கட்டிக் கேட்பான்: "யக்கா, எந்த ஊருக்கு?"

"ஒன் சோலியப் பாத்துக்கிட்டுப் போடா."

"இதுதாங்க்கா என் சோலி."

அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. எட்டாம் வகுப்பு. மாமியார் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம் கிடந்தபோது கற்றுக்கொண்ட வேலை இது. மாமியார் போனதும் பக்கத்துத் தெருவில் கூப்பிட்டார்கள், பிறகு பக்கத்து ஊரில். அன்றிலிருந்து பெரும்பாலான ராத்திரிகள் அடுத்தவர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒரு பாயில்தான் போயின. கணவர் நிலவழகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருசம் ஆச்சு, சேந்து தூங்குனது எல்லாம் கூட்டுனா பத்து வருசம் வராது" என்று எல்லோரிடமும் சொல்வார். அக்காவுக்கு இதுதான் குறை. புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பகல் வேலைக்கு ஆள் கேட்டார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம், தன் வீட்டில் தன் தலையணையில் படுக்கலாம். ஒரே நிபந்தனை, ஜூலைக்குள் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழ் வேண்டும். அதற்காகத்தான் அக்கா என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்.

என் வகுப்பு என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் பெயர் ஷர்லி. ஊர் ஆவூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். படித்தது நுண்ணுயிரியல். இரண்டு வருடம் வேலை தேடி அலைந்தபிறகு, கறம்பக்குடியில் செருப்புக் கடை மாடியில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் 'உடல், மனம், சமூகம்' என்ற பாடம் நடத்த எடுத்தார்கள். நுண்ணுயிரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நிர்வாகியிடம் கேட்டேன்.

"ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாததைப் பத்தித்தானேம்மா?" என்றார்.

முதல் நாள் பலகையில் மூன்று வட்டம் போட்டேன். ஒரு மனிதனின் ஆரோக்கியத்தை உடலும் மனமும் சமூகமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன என்றேன். இருபத்து மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள். செங்கமலம் அக்கா மட்டும் கை தூக்கினார்.

"மிஸ், கொழுந்தன் எந்த வட்டத்துல வருவாரு?"

"சமூகம்."

"அவரு குடிச்சுட்டு வந்து கத்துனா எனக்கு வயித்தக் கலக்குதே, அது?"

"உடல்."

"நாளைக்கும் வருவாரோன்னு இன்னிக்கே பக்குபக்குங்குதே?"

"அது மனம்."

"அப்ப ஒத்த ஆளு மூணு வட்டத்துலயும் குந்தியிருக்காரு. மூணு தடவ எழுதணுமா, ஒரு தடவ எழுதுனாப் போதுமா?"

வகுப்பே சிரித்தது. வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடம் இருக்கிறது என்று படம் காட்டிச் சமாளித்தேன். அந்தப் படத்தை நானே முந்தின நாள் சாயங்காலம்தான் முதல்முறையாகப் பார்த்திருந்தேன். தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது ஏமாற்று வேலையா, அல்லது எல்லா வாத்தியார்களுமே இப்படித்தானா என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். 

தேர்ச்சி பெற ஒரு ஆய்வுப் படிவம் நிரப்ப வேண்டும். ஆரோக்கியமான ஒரு நபரைத் தேர்ந்தெடுத்து, இருபத்தொரு நாள் தினமும் அவர் வீட்டுக்குப் போய், பிரஷர் பார்த்து, மூன்று வட்டத்திலும் அவர் எப்படியிருக்கிறார் என்று எழுத வேண்டும். நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் நோயில்லாதவரைப் பார்க்கப் பழகட்டும் என்பது பாடத்திட்டம் எழுதியவர்களின் எண்ணம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'ஆய்வுக் காலத்தில் நபரின் ஆரோக்கியத்தில் மாற்றம் ஏற்பட்டால் ஆய்வு செல்லாது.' எப்படி நிரப்புவது என்று பலகையில் ஒரு மாதிரியும் எழுதிப் போட்டேன். பிரஷர் 120/80.

அக்கா தேர்ந்தெடுத்தது பக்கத்து ஊர் மதுரைவீரனை. வயது அறுபது. இன்றும் தென்னை மரத்தில் தானே ஏறுகிறவர். "கொரோனாவுல ஊரே படுத்துச்சு, எனக்கு ஒரு தும்மல் வரலை" என்று டீக்கடையில் தினமும் சொல்கிறவர். அக்கா கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு நோயும் இல்லைன்னு எழுத்துல போட்டுக் குடுப்பியா தாயி?"

"அதுக்குத்தாண்ணே வாரேன்."

முதல் நாள் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பிரஷர் பார்த்தார். நூத்தியிருபதுக்கு எண்பது என்றார்.

"எத்தனைக்கு நூத்தியிருபது?" என்று மதுரைவீரன் கேட்டார், பரீட்சை மார்க் போல.

பிறகு படிவத்தில் இருந்த கேள்விகள். அண்மைக் காலத்தில் இழப்பு ஏதும் உண்டா?

"கஜா புயல்ல நாப்பது தென்னை போச்சு."

"அத நெனச்சு வருத்தப்படுவீகளாண்ணே?"

மதுரைவீரன் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் இல்ல. இப்ப நீ கேட்டப்பறம் லேசா இருக்கு."

அக்கா அதையும் எழுதிக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். வாசலில் கிடந்த செருப்பை அதற்குள் தெருவே பார்த்திருந்தது.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்காரர் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தார். மதுரைவீரனின் மனைவி காத்தாயி, என்ன விசேஷம் என்று கேட்டார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்றார் அவர். அவர் போவதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஹார்லிக்ஸ், ஒருவர் ஆப்பிள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்காரு" என்றார் காத்தாயி.

வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி வந்த வீட்டில் யாரும் வியாதியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். பார்க்க வருகிறவர்களும் என்னவென்று கேட்க மாட்டார்கள். மழை, பூ விலை என்று பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது மெதுவாக, "திருவரங்குளத்துல எங்க சகலையும் இப்படித்தான் நல்லா இருந்தாரு" என்பார்கள். மேலே எதுவும் சொல்லாமல் போய்விடுவார்கள். அந்தச் சகலை என்ன ஆனார் என்று மதுரைவீரன் மீதி நேரமெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார்.

அவர் தோட்டத்துக்குப் போவது நின்றது. வீடு தேடி வருகிறவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ரொட்டியாகத் தின்றதில் வயிறு கட்டிக்கொண்டது. ஐந்தாம் நாள் வீட்டில் பதினொரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தன. மிஞ்சிய ரொட்டியை ஆடுகளுக்குப் போட்டார்கள். ஆடுகள் ரொட்டிக்குப் பழகி, புல்லைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மீமிசலில் கட்டிக்கொடுத்த தங்கை ஒரு கூடைக் கருவாட்டோடு வந்து, வாசற்படியிலேயே, "எங்கண்ணே!" என்று ஒரு குரல் எடுத்தார். சிங்கப்பூரிலிருந்து மகன் வசந்த் வீடியோவில் வந்தான்.

"அப்பா, நாக்க நீட்டுங்க."

"எதுக்குடா?"

"நீட்டுங்களேன்." நீட்டினார். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "லீவு கேட்டுருக்கேம்ப்பா" என்றான். கண்ணைத் துடைத்தபடி போனை அணைத்தான்.

ஏழாம் நாள் 134/88. ஒன்பதாம் நாள் 146/92. அக்கா வீடுவீடாகப் போய், "அவருக்கு ஒரு கேடும் இல்ல, நான் பரீட்சைக்குப் படிக்கிறேன்" என்று சொன்னார். நாற்பத்தேழு வயதில் பரீட்சையா என்று யாரும் வெளிப்படையாகச் சிரிக்கவில்லை. குடும்பம் கேட்டுக்கொண்டதால் மறைக்கிறாள் என்று புரிந்துகொண்டார்கள். மறைக்கிற அளவுக்கு என்றால் பெரியதுதான்.

சரி, போகாமல் இருந்து பார்ப்போம் என்று பத்தாம் நாள் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டார். 'செங்கமலமே கைவிட்டுட்டா' என்று மத்தியானத்துக்குள் பேச்சு பரவியது. நாலு மணிக்கு அஜித் வந்து, வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காலடியால் அளந்துவிட்டு, "சும்மா பாத்தேன் அயித்தை" என்று காத்தாயியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

பதினோராம் நாள்தான் இருளாண்டி வந்தார்.

இருளாண்டியும் மதுரைவீரனும் பங்காளிகள். அடுத்தடுத்த தோட்டம். நடுவில் ஒரு அடி வரப்பு யாருடையது என்பதில் பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் டீக்கடைக்குள் வந்தால் மற்றவர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த இருளாண்டி பெரிய சைஸ் ஹார்லிக்ஸோடு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மதுரைவீரன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத பங்காளி. அந்த வரப்ப நீயே வச்சுக்க."

அவர் போனதும் மதுரைவீரன் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். "காத்தாயி, எனக்கு என்னான்னு எல்லாருமாச் சேந்து மறைக்கிறீக. இருளாண்டி வரப்ப விட்டுக் குடுக்குறான்னா நான் பொழைக்கமாட்டேன்."

அன்றைய பிரஷர் 168/100.

அக்கா எனக்குப் போன் செய்தார். "மிஸ், எனக்குப் பரீட்சை போச்சு."

படிவம் செல்லாது என்றால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான். ஜூலை வேலை யாருக்கோ போய்விடும். அக்கா இருபதாவது வீட்டுக் கட்டிலுக்குக் கீழே பாயை விரிக்க வேண்டும். எனக்கு ஒரு வழிதான் தோன்றியது.

"அக்கா, அதையெல்லாம் எழுதாதீங்க. எல்லா நாளும் நூத்தியிருபது, எண்பதுன்னு போட்டுருங்க."

 "நீங்க ஒருக்கா வந்து பாருங்க மிஸ்" என்றார்.

மறுநாள் காலை போனேன். கழுத்தில் நிலையத்தின் அடையாள அட்டை, கையில் ஃபைல். வாசலில் உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் எழுந்து நின்றார்கள். "திருச்சியிலேர்ந்து பெரிய டாக்டரே வந்துருக்காக" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இல்லை என்றேன். "ஒண்ணுமில்லைங்க, நான் சும்மா" என்றுதான் எனக்கும் வாயில் வந்தது. வந்தபிறகுதான் உறைத்தது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மதுரைவீரனிடம் நான் படித்ததையெல்லாம் தெளிவாகச் சொன்னேன். ஐயா, உங்களுக்கு உடலில் கோளாறு இல்லை, சுற்றியிருப்பவர்கள் பேசுவது உங்கள் மனதைப் பாதித்து, அதனால் பிரஷர் ஏறுகிறது என்றேன்.

அவர் காத்தாயியைப் பார்த்தார். "மனசும் கெட்டுப்போச்சாம்டி."

வெளியே வந்து ஃபைலை விரித்தேன். ஒரு மனிதனை நோயாளியாக்க ஒரு ஊர் போதும் என்று எந்த வட்டத்தில் எழுதுவது? நான் வாயைத் திறந்தால் அவருக்கு இன்னும் பத்துப் புள்ளி ஏறும் போலிருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். நேராக இருளாண்டி வீட்டுக்குப் போய்த் தன் நோட்டை விரித்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"இங்க பாருங்கண்ணே. மொத நாளு நூத்தியிருபது. நல்லா இருந்த மனுசன். இந்தா நிக்கிறாகளே எங்க மிஸ், இவுக தலையில அடிச்சு வேணும்னாலும் சத்தியம் பண்ணுறேன். அவருக்கு ஒரு நோயும் கெடையாது. நீங்கள்லாம் போயிப் போயித்தான் படுக்க வச்சுட்டீக."

இருளாண்டி நோட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அடுத்தவர் மகளை வைத்துச் சத்தியம் செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்றாலும் நம்பிக்கை வந்துவிட்டது.

"அப்ப அவன் சாகப்போறதில்லையா?"

"இல்லண்ணே."

"நான் அழுதேனே!"

"அழுதீக."

"வரப்பக் குடுத்தேனே!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்ட வேகத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. மதுரைவீரன் வீட்டுக்குள் நுழைந்தவர் கட்டிலுக்கு முன்னால் நின்றார்.

"எந்திரிடா! சாகப்போறன்னு நெனச்சுத்தானடா குடுத்தேன். நல்லா இருந்துக்கிட்டு என் வரப்ப வாங்குவியா?"

மதுரைவீரன் கண்ணைத் திறந்தார். "குடுத்தது குடுத்ததுதான். நான் கேட்டனா?"

"அந்தப் பெரிய ஹார்லிக்ஸையாவது குடு!"

"அத ஒடச்சாச்சு. போடா."

"வாடா தோட்டத்துக்கு! கயிறு புடிச்சு அளந்துருவோம்!"

மதுரைவீரன் எழுந்தார். எழுந்து சட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, மண்வெட்டி கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டார். வாசலில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். முன்னால் இருவரும், பின்னால் பார்க்க வந்த ஊரும், அதற்குப் பின்னால் ரொட்டி கிடைக்கும் என்று ஆடுகளும் ஒரு கிலோமீட்டர் நடந்தோம். வெயிலில் இரண்டு மணி நேரம் வரப்பை அளந்தார்கள். மூன்று முறை அளந்ததில் மூன்று அளவு வந்தது. பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். நடுவில் மதுரைவீரன், இந்தத் தென்னை யார் வைத்தது என்பதை நிரூபிக்க அதன்மேல் ஏறி உச்சியிலிருந்து பேசினார். கீழே காத்தாயி வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

இறங்கி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: "பாத்தியா, இருளாண்டி சண்டைக்கு வந்துட்டான். சாகப்போறவன்கிட்ட எவன்டி சண்டைக்கு வருவான்? எனக்கு ஒண்ணும் இல்ல."

ஊரும் அதை ஒத்துக்கொண்டது. அன்று மத்தியானம் பழைய சோறும் கருவாடும் சாப்பிட்டார். மறுநாள் பார்க்க யாரும் வரவில்லை. பிரஷர் நாலு நாளில் 138, பிறகு 130. இருபத்தொன்றாம் நாள் 126/82.

அக்காவுக்கு இனி மறைப்பது சுலபம் என்று நான் நினைத்தேன். நடுவில் ஒரு எட்டு நாளை மட்டும் மாற்றி எழுதினால் போதும். படிவத்தைக் கொடுக்க வந்த அன்று அதைச் சொன்னேன்.

"பத்தொம்பது பேருக்கும் மூத்திரம் எத்தனை மில்லின்னு ராத்திரி பகலா உள்ளத உள்ளபடிதான் எழுதியிருக்கேன் மிஸ். அத வச்சுத்தான் டாக்டரு மாத்திர மாத்துவாரு. கை அப்படிப் பழகிருச்சு. பொய் எழுத வரமாட்டேங்குது" என்றார். சொல்லும்போது முகம் வாடித்தான் இருந்தது. வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

தேர்வாளர் ஜெபக்குமார் வெளியூர்க்காரர். இருபத்து நான்கு படிவங்களையும் வாங்கிக்கொண்டு ஒரு அறையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"இருபத்து மூணு பேரு படிவத்துலயும் இருபத்தொரு நாளும் நூத்தியிருபது, எண்பது. உங்க ஏரியாத் தண்ணி அப்படியா மேடம்?"

 அது பலகையில் நான் எழுதிப் போட்ட மாதிரி.

"அதுல ஒருத்தரு பத்தாம் நாள் லாரி மோதி இறந்திருக்காரு. சமூகம்ங்கிற கட்டத்துல அவங்களே எழுதியிருக்காங்க, துக்கத்துக்கு நிறையப் பேர் வந்தாங்கன்னு. பதினொண்ணாம் நாளும் பிரஷர் நூத்தியிருபது, எண்பது."

பிறகு அக்காவின் படிவத்தைத் தனியாக எடுத்தார். உடல் என்ற கட்டத்தில் ரொட்டி, மலச்சிக்கல் என்று இருந்தது. மனம் என்ற கட்டத்தில் இருளாண்டி அழுதது. சமூகம் என்ற கட்டத்தில், 'இவருக்கு நோய் வரக் காரணம்' என்று எழுதி, அதற்கு நேராக ஒரே ஒரு சொல்: செங்கமலம்.

அக்காவை உள்ளே அழைத்தார். "இது நீங்களா?"

"நாந்தான் சார். நான் போகலைன்னா அவருக்கு வந்திருக்காது."

"ஆரோக்கியத்தில மாற்றம் வந்தா செல்லாதுன்னு போட்டிருக்கே, படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

ஜெபக்குமார் கடைசிப் பக்கத்தின் அந்த வரியை விரலால் தடவினார். கீழே செருப்புக் கடையில் யாரோ பேரம் பேசினார்கள். பிறகு பேனாவைத் திறந்தார்.

"முதல் நாள் நூத்தியிருபது, எண்பது. கடைசி நாள் நூத்தியிருபத்தாறு, எண்பத்திரண்டு. இது ஒரு மாற்றமா? ஆளு தென்னை மரம் ஏறுறாரு." கையெழுத்துப் போட்டார். "மத்த இருபத்து மூணு பேரும் திரும்பப் பண்ணட்டும். சொல்லிக்குடுக்கிறவங்களும் ஒண்ணு பண்ணுனா நல்லது."

என்னைத்தான் சொன்னார். அடுத்த வாரமே ஆரம்பித்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எட்டாம் நாளில்தான் தெரிந்தது.

ஜூலை மூன்றாம் வாரம் கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். நீல நிறச் சீருடை, டிபன் பை. புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்னக்கா, வேலை கஷ்டமா?"

"வேலை என்ன மிஸ், பூப்போல இருக்கு. தூக்கந்தான் இல்ல. ரெண்டு வாரமாச்சு."

"வீட்டுலதானே படுக்குறீங்க?"

"அதான் மிஸ் கேடு. பதினேழு வருசம் பக்கத்துல யாராச்சும் முனகிக்கிட்டே இருப்பாக. சத்தம் இருந்தா ஆளு இருக்குன்னு நான் கண்ணசருவேன். இந்த மனுசன் படுத்தா கல்லு மாதிரி, ஒரு சத்தம் வராது. பயமா இருக்கு. மூக்குல கை வச்சு மூச்சு இருக்கான்னு பாத்துட்டேன். எந்திரிச்சு ஒரே வசவு. 'இத்தன வருசம் கழிச்சு வீட்டுல வந்து படுத்தது எனக்கு நாடி புடிக்கவா'ங்கிறாரு."

"அப்புறம்?"

"கையக் காலப் புடிச்சுச் சொல்லியிருக்கேன். தூங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் முனகுறாரு பாவம். நேத்து நல்லாத்தான் முனகுனாரு, ஆனா எனக்கு முன்னாடி அவரு தூங்கிப்போனாரு."

பஸ் வந்தது. அக்கா முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தார். நான் கையசைப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்தார், பின்சீட்டில் ஒரு குழந்தை அழுதது, யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். அக்காவின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது.